பூட்டிய பள்ளிக்கூடத்தில் ஓடும் மீட்டர்

"ஏனுங்க சார், ஞாயித்துக்கெழமை வந்து என்னத்தைப் பார்க்கப் போறீங்க? ஒண்ணுமே ஓடலீங்களே" என்றார் வாட்ச்மேன். சாவிக்கொத்தைத் துழாவி மீட்டர் ரூமைத் திறந்துவிட்டார். காலை பதினோரு மணி. பல்லடத்துக்குத் தெற்கே உள்ள அந்த மேல்நிலைப் பள்ளியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. வேப்பமரத்தடியில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன.

மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். பதினாறு. சந்தேகத்துக்கு இன்னொரு நிமிடம் எண்ணினேன். அப்போதும் பதினாறு.

அந்தப் பதினாறுக்குக் கணக்கு இருக்கிறது. எலக்ட்ரானிக் மீட்டரின் முகத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். அங்கே இருந்தது 1600. சில மீட்டரில் 3200 இருக்கும், வேறு எண்ணும் இருக்கும். 1600 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்றால் 16 சிமிட்டலுக்கு 0.01 யூனிட். நிமிடத்துக்கு 0.01 என்றால் மணிக்கு 0.6 யூனிட், அதாவது 600 வாட். யாரும் இல்லாத பள்ளிக்கூடம், பட்டப்பகலில், 600 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. இதே அளவு வருடம் முழுக்க ஓடினால் 5,256 யூனிட். (மீட்டருக்குப் போகும் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் சி.டி. என்ற கருவி வைத்த பெரிய சர்வீஸாக இருந்தால் சி.டி. விகிதத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளியில் இருந்தது நேரடி மீட்டர்.)

வாட்ச்மேனையும் எண்ணச் சொன்னேன். எண்ணிவிட்டு, "அப்பொ ராத்திரியெல்லாம் இப்படித்தானுங்களா?" என்று கேட்டார். அன்று முழுக்க என்னோடு அறை அறையாக வந்தார். அந்தக் கட்டடத்தில் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை, அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

நான் பள்ளிக்கூடத்து ஆள் இல்லை. இருபத்தேழு வருடம் நூற்பாலைகளில் எலக்ட்ரிக்கல் பக்கம் வேலை பார்த்தவன். 1932இல் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோயம்புத்தூர் பக்கம் மில்கள் வரிசையாக எழுந்தன என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கரண்டை நம்பிப் பிழைத்த ஊர் என்பதால் கரண்டுக்குக் கணக்குப் பார்ப்பதும் இங்கே பழைய பழக்கம். மில்லில் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பதை யு.கே.ஜி. என்போம். காலையில் மில் மேலாளர் முதலில் கேட்பது அதைத்தான். கோயம்புத்தூரில் 1956இல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து ஆலை ஆலையாக எனர்ஜி ஆடிட், அதாவது கரண்ட் எங்கே எவ்வளவு போகிறது என்ற தணிக்கை, செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். 2001இல் எரிசக்தி சிக்கனச் சட்டம் வந்தது. அது பெரிய ஆலைகளைத்தான் கட்டாயத்துக்குள் கொண்டுவந்தது. பள்ளிக்கூடங்களை யாரும் கேட்கவில்லை, பள்ளிக்கூடங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகும் பழக்கமும் மில்லிலிருந்து வந்ததுதான். வார விடுமுறையில் மிஷின் எல்லாம் நின்ற பிறகு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டுவோம். ஓடுகிற நாளில் காதில் விழாத காற்றுக் கசிவு அன்றைக்கு 'உஸ்' என்று கேட்கும். எந்த ஜாயின்ட், எந்த ஹோஸ் என்று சாக்பீஸில் வட்டம் போட்டுக்கொண்டே போவோம். கட்டடத்திலும் அதேதான் நடக்கிறது. ஆள் இருக்கும்போது எல்லாச் செலவும் நியாயமாகவே தெரியும்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் பில். அரசு உதவி பெறும் பள்ளி அது. சம்பளம் அரசு தந்தாலும் கரண்ட் பில்லை நிர்வாகம்தான் கட்ட வேண்டும். "அண்ணா, ஃபேனைக் குறைச்சுப் போடுங்கன்னு புள்ளைங்ககிட்ட நானே சொல்ல வேண்டி வருதுங்க. மனசுக்கே ஒப்பலைங்க" என்றார். அந்த வார்த்தைதான் என்னை அங்கே இழுத்துப் போனது. படிக்கிற பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கும் ஃபேனை நிறுத்தி மிச்சம் பிடிப்பதை நான் சிக்கனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அவரிடமே சொல்லிவிட்டேன்: "டீச்சர், ஃபேனை நிறுத்தச் சொல்லி ஒரு வரிகூட எழுதித் தர மாட்டேனுங்க."

ஒயரைக் கவ்விப் பிடித்தே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் மூன்று வருட பில்களைக் கேட்டேன். பழைய பில் இல்லாவிட்டாலும் சர்வீஸ் நம்பரைப் போட்டால் மின்வாரிய இணையதளத்தில் கணக்கு கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், வருடத்துக்கு ஆறு. அவற்றை ஒரு கோடு போட்ட தாளில் புள்ளி வைத்துப் பார்த்தோம். பள்ளி முழு மூச்சாக நடக்கும் காலத்தில் 4,200 யூனிட் சுற்றி வந்தது. கோடை விடுமுறை அடங்கிய பில்லில் 2,100. பார்த்தவர்கள் எல்லாம் பாதி குறைந்திருக்கிறதே என்றார்கள். அந்த அறுபது நாளில் பள்ளி நடந்தது பதினைந்து நாள்தான். கால்வாசி நாள் நடந்த பள்ளிக்கு அரைவாசி பில் எப்படி வரும்? நான் ஞாயிற்றுக்கிழமை போனதே இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான்.

ரூபாயில் கணக்குப் பார்க்காமல் யூனிட்டிலேயே பாருங்கள் என்று எல்லாப் பள்ளிக்கும் சொல்வேன். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடத்து ரூபாயோடு இந்த வருடத்து ரூபாயை ஒப்பிட்டால் செய்த வேலைக்குப் பலன் இருந்ததா என்றே தெரியாமல் போய்விடும். மில்லில் யு.கே.ஜி. போல இங்கே ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டேன். மொத்தம் 22,600 யூனிட், 640 பிள்ளைகள். தலைக்கு 35.

600 வாட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. முறை எளிமையானது. டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் ஒரு எம்.சி.பி.யை (ட்ரிப் ஸ்விட்சை) இறக்குவது, மீட்டரில் சிமிட்டலை எண்ணுவது, குறித்துக்கொள்வது, திரும்ப ஏற்றுவது, அடுத்ததுக்குப் போவது. ஒருவர் போர்டில், ஒருவர் மீட்டரில். போர்டு மூடியைக் கழற்றுகிற வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஒயர்மேன்தான் வர வேண்டும். வெளியே இருக்கும் எம்.சி.பி. நெம்புகோலைத் தட்டுவதோடு மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே தலைமையாசிரியையிடம் சொல்லி, கேமரா ரெக்கார்டர் நிற்கும் நேரத்தையும் குறித்து வைத்தோம்.

கிடைத்தது இது. கம்ப்யூட்டர் லேபில் ஐந்து கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று. எந்தக் கம்ப்யூட்டரும் ஓடாமலே, தன் சூட்டுக்கும் பேட்டரியைப் பார்த்துக்கொள்வதற்கும் அது 180 வாட் எடுத்தது. தொட்டால் கதகதவென்று இருந்தது. தூங்குகிற கம்ப்யூட்டர்களும் மானிட்டர்களும் சேர்ந்து 70. தாழ்வாரத்துக் குடிநீர் கூலர் சராசரியாக 150, யாருக்காகவோ ஞாயிறு முழுக்கத் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் ஏ.சி.க்கான ஸ்டெபிலைசர் 40. கேமராவும் ரூட்டரும் 60. மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கி வைக்கும் இருட்டு அறையில் இரண்டு டியூப் லைட், 100. ஆண்டு விழாவுக்குப் போட்டதை யாரும் அணைக்கவில்லை. ஆண்டு விழா நடந்தது பிப்ரவரியில், நாங்கள் பார்த்தது ஜூலையில்.

இதில் அவசியம் கேமராவும் ரூட்டரும் மட்டும்தான். மற்றதை எல்லாம் பள்ளி நேரம் முடிந்ததும் நிறுத்தினால் வருடத்துக்குச் சுமார் 3,500 யூனிட் மிச்சம். மொத்தச் செலவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. யாருக்கும் வியர்க்காமல், யாருக்கும் இருட்டாகாமல், பத்துப் பைசா முதலீடு இல்லாமல்.

அந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். லேபுக்கும் ஆபீஸுக்கும் சேர்த்து ஒரு டைமர் போட்டு, மாலை ஐந்தரைக்கு எல்லாம் தானாக நிற்கும்படி வைத்தேன். இரண்டாவது வாரமே ஒரு டீச்சர் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பகலெல்லாம் தளம் மெதுவாக இருக்கிறது என்று அந்த வேலையை மாலையில்தான் செய்வார்களாம். அவர் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்தில் யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு அல்லவா நான் டைமரைத் தொட்டிருக்க வேண்டும். மறுநாளே அதைக் கழற்றினேன். லேபுக்கு வாசல் பக்கத்தில் ஒரே பெரிய ஸ்விட்ச், ஆபீஸுக்கு இன்னொன்று என்று வைத்தோம். யு.பி.எஸ்.ஸை அணைத்துவிட்டுக் கடைசியில் பூட்டுகிறவர் அதைத் தட்ட வேண்டும். கூலருக்கு மட்டும் டைமர் வைத்தோம். அங்கே அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அடுத்து வெளிச்சம். இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். பதினெட்டு வகுப்பறை, அறைக்கு நான்கு டியூப் லைட், நான்கு ஃபேன். பழைய 40 வாட் டியூப், செம்புக் கம்பிச் சோக்கு. சோக்கையும் சேர்த்தால் ஒன்றுக்கு 52 வாட். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, பிள்ளைகள் எழுதும் மேசை மட்டத்தில் வைத்துப் பார்த்தோம். வகுப்பறைக்கு 300 லக்ஸ் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஜன்னலோரம் 900 காட்டியது. அதே அறையின் பின் மூலையில், லைட் எரியும்போதே, 90. அந்த மூலையில்தான் உயரமான பையன்கள் எப்போதும் உட்கார்கிறார்கள். வருடக்கணக்காக அந்த இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

காரணம் மூன்று. டியூபின் மேலும் அதை மாட்டும் பட்டியின் மேலும் தூசி. இந்தப் பக்கம் பஞ்சுத் தூசியும் செம்மண் தூசியும் சேர்ந்து ஒட்டும், ஈரத்துணி போட்டால்தான் போகும். இரண்டாவது, சுவரில் இடுப்பு உயரத்துக்கும் மேலே கரும்பச்சைப் பெயின்ட். அழுக்குத் தெரியாது என்று அடித்தது, வெளிச்சத்தையும் சேர்த்து விழுங்கியது. மூன்றாவது, ஸ்விட்ச். ஜன்னலோர லைட்டும் உள்சுவரோர லைட்டும் ஒரே ஸ்விட்சில். பின் மூலைக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் வெயில் அடிக்கும் ஜன்னல் பக்கமும் எரிந்தே ஆக வேண்டும். ஜன்னலுக்கு இணையாக ஓடும் வரிசைக்குத் தனி ஸ்விட்ச் என்று ஒயரை மாற்றினோம். பள்ளி கட்டும்போதே இப்படிச் செய்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது. இப்போது யாராவது புதுக் கட்டடம் கட்டுகிறோம் என்றால் நான் முதலில் கேட்பது ஸ்விட்ச் எந்தத் திசையில் போகிறது என்பதைத்தான்.

டியூபுகளை 20 வாட் எல்.இ.டி. பட்டியாக மாற்றினோம். ஒன்றுக்கு 32 வாட் குறைவு. வருடத்துக்கு ஆயிரம் மணி நேரம் எரிகிறது என்று வைத்தால் 72 லைட்டுக்குச் சுமார் 2,300 யூனிட். ஒரு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பும் வேலை. பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூபைச் செருகுபவர்கள் சோக்கைச் சுற்றிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன், சோக்கு பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருக்கும். மிச்சமான வாட்டில் கொஞ்சம் எடுத்து இருட்டு மூலைகளுக்குப் பத்து லைட் கூடுதலாகப் போட்டோம். இதை நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார்: "குறைக்கச் சொன்னா கூட்டுறீங்களே?" லக்ஸ் மீட்டரை அவர் கையில் கொடுத்துப் பின் பெஞ்சில் உட்கார வைத்தேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஃபேன் விஷயத்தில் எல்லோரும் எதிர்பார்த்தது வேறு. குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினால் பில் பாதியாகும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். பழைய ஃபேன் 75 வாட், புதியது 30 வாட், அது உண்மைதான். ஆனால் வகுப்பறை ஃபேன் வருடத்துக்கு ஓடுவது ஆயிரம் மணி நேரம் சுற்றித்தான். ஒரு ஃபேனுக்கு 45 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தாலும் வருடம் 360 ரூபாய். மூவாயிரம் ரூபாய் ஃபேன் தன் விலையைத் திருப்ப எட்டு வருடத்துக்கு மேலாகும். அதே ஃபேனை விடுதியில் மாட்டினால் நாலாயிரம் மணி நேரம் ஓடும், இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். வீட்டுக்கும் விடுதிக்கும் சரியான கணக்கு வகுப்பறைக்குச் சரியாக வராது. ஆகவே நல்லாயிருக்கும் ஃபேனைக் கழற்ற வேண்டாம், காயில் போனதைத் திரும்பக் கட்டாமல் அந்த இடத்தில் பி.எல்.டி.சி. மாட்டுங்கள் என்று எழுதினேன்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்ற புகார் எல்லா வகுப்பிலும் இருந்தது. கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தால், 2.5 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது பலவற்றில் 1.5 கூட இல்லை. வருடக்கணக்கில் வெயிலில் வெந்து தேய்ந்துபோனவை. எழுபத்திரண்டில் இருபத்தாறு இப்படி. ஒவ்வொன்றும் சில பத்து ரூபாய்தான். மாற்றியதும் பிள்ளைகளின் நோட்டுத் தாள் பறந்தது. வேகம் கூடினால் வாட்டும் கொஞ்சம் கூடும், கூடியது. அந்த யூனிட் வீணாகவில்லை, அதற்குத்தானே ஃபேன் மாட்டியிருக்கிறது.

ஆடி மாதத்தில் போனதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் நிற்காது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அதை நம்பித்தான். அந்தக் காற்று வீசும் மாதத்தில் அந்தப் பள்ளியின் மேற்கு ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. திறந்தால் மண் வாரி அடிக்கிறது, தாள் பறக்கிறது என்று டீச்சர்கள் சொன்னதும் நியாயம்தான். ஜன்னலைச் சாத்தினால் அறை இருட்டாகிறது, புழுங்குகிறது. வெளியே புயல் மாதிரிக் காற்று, உள்ளே நாலு லைட்டும் நாலு ஃபேனும். சுவர் உச்சியில் இருந்த வெண்டிலேட்டர்களைப் பார்த்தேன். புறா வருகிறது என்று அட்டை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அட்டையை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்தோம். மேற்கு ஜன்னலின் கீழ்க் கதவைச் சாத்தி மேல்பாதியை மட்டும் திறந்து, கிழக்குப் பக்கத்தை முழுதாகத் திறந்தால் காற்று தலைக்கு மேலே கடந்து போகிறது, மேசைக்கு வருவதில்லை. ஆடியில் மதியம் வரை ஃபேன் வேண்டாம் என்று பிள்ளைகளே நிறுத்திக்கொண்டார்கள். பழைய ஓட்டுக் கட்டடங்களில் இந்த ஏற்பாடு எல்லாம் கட்டும்போதே இருந்தது, நாம்தான் அட்டை வைத்து அடைத்தோம்.

மாடி அறைகள் தனிக் கதை. சித்திரை வெயிலில் மூன்று மணிக்குக் காங்கிரீட் கூரையின் உள்பக்கம் 43 டிகிரி காட்டியது. வெள்ளைப் பூச்சு அடித்த பிறகு 37. யூனிட்டில் பெரிய மிச்சம் தெரியவில்லை. பிள்ளைகள் மதியத்தில் தூங்கி விழுவது குறைந்தது என்று டீச்சர்கள் சொன்னார்கள், எனக்கு அது போதும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் கரண்டைப் பற்றிப் பேச முடியாது. பாறை பூமி. ஐந்நூறு, ஆயிரம் அடி என்று போர் போட்டு இழுக்கும் ஊர். அந்தப் பள்ளியில் ஐந்து ஹெச்.பி. சப்மெர்சிபிள், கிளாம்ப் மீட்டரில் 4.4 கிலோவாட். தொட்டியில் ஏறும் தண்ணீரை நேரம் பார்த்து அளந்தால் மணிக்கு 3,500 லிட்டர். அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஒன்றேகால் யூனிட். இந்த ஒரு எண் தெரிந்துவிட்டால் ஒழுகுகிற குழாயைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐயாயிரம் லிட்டர் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை விடியற்காலையில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். பாதிதான் இருந்தது. ஞாயிறு முழுக்க யாரும் குழாயைத் திறக்கவில்லை, 2,500 லிட்டரைக் காணோம். கழிப்பறையில் மூன்று குழாய், ஃபிளஷ் தொட்டி ஒன்று, மைதானத்து மூலையில் மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட். அந்த ஜாயின்ட் இருந்த இடத்தில் மட்டும் கோடையிலும் அருகம்புல் பச்சையாக இருக்கும் என்று வாட்ச்மேன் சொன்னதால் தோண்டினோம். இந்தக் கசிவை ஏற்றி ஏற்றியே வருடத்துக்கு 700 யூனிட் போயிருக்கிறது. பிளம்பருக்கு ஒன்றரை நாள் வேலை. மோட்டாரும் பலமுறை காயில் கட்டியது, தேய்ந்ததுதான். முதலில் ஒழுகலை அடைத்து, ஓடும் நேரம் குறைந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை மோட்டார் போனால் ஸ்டார் போட்டதாக, போரின் ஆழத்துக்குச் சரியான ஸ்டேஜ் (பம்ப்புக்குள் தண்ணீரைத் தள்ளும் அடுக்குகள்) பார்த்து வாங்குங்கள் என்றேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பெரிதாகப் பட்ட ஒன்று யூனிட் கணக்கிலேயே வராது. மெயின் போர்டைத் திறந்ததும் கருகின வாடை. நியூட்ரல் லிங்க்கில் ஒரு போல்ட் தளர்ந்து, ஒயரின் தோல் பழுப்பாகி நொறுங்கும் நிலையில் இருந்தது. மூன்று ஃபேஸ் சர்வீஸில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பக்க அறைகளில் வோல்டேஜ் படுத்துவிடும், இன்னொரு பக்கம் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறலாம். லேபில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அது நடந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை. அன்று மாலையே ஒயர்மேனை வரவழைத்து மாற்றினோம். எர்த் குழியும் காய்ந்து கிடந்தது. எனர்ஜி ஆடிட் என்று போகிறவர்கள் சூடான ஜாயின்ட்டையும் எர்த்தையும் பார்க்காமல் வரக்கூடாது. அதை ஆடிட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

பில்லின் அடியில் யாரும் வாசிக்காத வரிகள் இருக்கும். அந்தப் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட லோடு 30 கிலோவாட். ஒரு காலத்தில் தொழிற்கல்விப் பிரிவு நடந்து, லேத்தும் வெல்டிங்கும் இருந்தபோது வாங்கியது. பிரிவு மூடி எத்தனையோ வருடம், நிலைக்கட்டணம் மட்டும் கிலோவாட் கணக்கில் போய்க்கொண்டே இருந்தது. எல்லா வகுப்பும், லேபும், மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடவைத்துப் பார்த்தோம், 17ஐத் தாண்டவில்லை. கொஞ்சம் இடம் விட்டு 20க்குக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தார்கள். 18.6 கிலோவாட்டும் அதற்கு மேலும் லோடு உள்ள தாழ்வழுத்த சர்வீஸில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.85க்குக் கீழே போனால் அதற்கும் பணம் கட்ட வேண்டும். செம்புச் சோக்குகள் போனதே அந்தப் பக்கமும் உதவியது.

சோலார் போடலாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டார்கள். போடலாம். ஆனால் வெயில் கொளுத்தும் மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும், சனி ஞாயிறும் அப்படித்தான். வெளியே போகும் யூனிட்டுக்கு என்ன கணக்கு என்பதைப் பார்த்த பிறகுதான் அளவை முடிவு செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், வீணாகும் 600 வாட்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்கக்கூடாது.

முன்பு வேறொரு பள்ளிக்கு நாற்பது பக்கத்தில், இருபத்துமூன்று பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்துப் போனபோது அது பீரோவில், கொடுத்த கவரிலேயே இருந்தது. அதனால் இந்த முறை ஒரே தாள். காசில்லாமல் நாளைக்கே செய்வது, ஒரு வருடத்தில் காசு திரும்புவது, பழுதாகும்போது மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் செய்வது என்று பெயர் இல்லாமல் பொறுப்பை மட்டும் எழுதினோம்: வாட்ச்மேன், லேப் ஆசிரியர், பிளம்பர். தலைமையாசிரியையின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

மொத்தச் செலவு நாற்பதாயிரத்துக்குப் பக்கம். அடுத்த வருடம் 22,600 யூனிட் 16,100 ஆனது. தலைக்கு 35 இருந்தது 25. கூடுதல் லைட்டும் வேகமான ஃபேனும் போக மிச்சமானது இது. கோடை விடுமுறை பில் 2,100லிருந்து 900க்கு வந்தது.

சிமிட்டல் எண்ணும் வேலையை பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். இயற்பியலில் வாட்டும் யூனிட்டும் படிக்கிற வயசு. மீட்டரைத் தொடக்கூடாது, ஜன்னல் வழியாகப் பார்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், எண்ணிக்கை. பள்ளிக்குப் பின்தெருவில் வீடு இருக்கும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டாள். நிமிடத்துக்கு இரண்டு என்றுதான் பெரும்பாலும் இருக்கும், கேமராவும் ரூட்டரும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ச்மேன் போனிலிருந்து கூப்பிட்டாள். "சார், இன்னிக்கு ஆறு சிமிட்டுதுங்க. மூணு தடவை எண்ணிப் பார்த்துட்டேனுங்க."

"கூலர் டைமரைப் பாரும்மா, அணைஞ்சிருக்குதான்னு."

"அது அணைஞ்சுதானுங்க இருக்குது. யு.பி.எஸ்.ஸும் ஆஃப்தானுங்க. அண்ணன் ஒவ்வொண்ணா இறக்கி ஏத்துறாருங்க, நான் எண்ணறேன்" என்றாள். பின்னால் வாட்ச்மேனின் குரல் கேட்டது: "அம்மணி, இப்ப எத்தனை?"